‘வயித்து வலி’ என்று மட்டும் சொன்னால் போதாது: எண்டோமெட்ரியோசிஸ் கைக்குறிப்பு

தமிழில் வலியைச் சொல்லச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, இழுப்பு, முறுக்கு, எரிச்சல், விண்விண்ணென்று தெறிப்பது என்று எத்தனையோ. ஆனால் மாதவிடாய் என்று வந்துவிட்டால் அத்தனையும் ‘வயித்து வலி’க்குள் அடங்கிப்போகும். டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் வாயில் வருவது அதுதான். அதற்குக் கிடைக்கிற பதிலும் பழகிப்போனதுதான்: ஒரு வலி மாத்திரை, கூடவே “எல்லாருக்கும் வர்றதுதாம்மா.”

எல்லாருக்கும் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. முதல் அறிகுறி தெரிந்து நோயின் பெயர் தெரிவதற்குள் 4 முதல் 11 ஆண்டுகள் போய்விடுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஆண்டுகளில் கணிசமான பகுதி, வலியைச் சரியாகச் சொல்லாததாலும் சரியாகக் கேட்காததாலும் வீணாகிறது.

நோய் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கர்ப்பப்பையின் உள்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற படலத்தை ஒத்த திசு, கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிறது. சினைப்பை, கர்ப்பப்பையைப் பின்னாலிருந்து தாங்கும் தசைநார்கள், கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளம், சிறுநீர்ப்பை, குடல் ஆகியவை அது வழக்கமாக உட்காரும் இடங்கள். அபூர்வமாக உதரவிதானத்திலும் சிசேரியன் தழும்பிலும் காணப்படும். ஹார்மோன் ஏறி இறங்கும்போது அதுவும் வீங்கிக் கசிகிறது. கசிந்தது வெளியேற வழி இல்லை. அந்த இடம் புண்பட்டு, தழும்பேறி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதுதான் காரணம் என்று ஜான் சாம்ப்சன் 1927-இல் சொன்னார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படிக் கொஞ்சம் பின்னோக்கிப் போகத்தான் செய்கிறது. சிலருக்கு மட்டும் அது ஏன் வேர்பிடிக்கிறது என்பதில் மரபணுவுக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் பங்கு உண்டு என்பதுவரைதான் தெரிந்திருக்கிறது. ‘உடம்புச் சூடு’ காரணமல்ல. கோழிக்கறியும் காரணமல்ல.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் சினைப்பையில் எது தெரிந்தாலும் அதற்குப் பெயர் ‘நீர்க்கட்டி’. ஹார்மோன் கோளாறான பி.சி.ஓ.எஸ்.ஸும் நீர்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டியும் நீர்க்கட்டி. இரண்டும் முற்றிலும் வேறு. முன்னதில் மாதவிடாய் தள்ளிப்போவதுதான் முக்கியப் புகார். பின்னதில் பெரும்பாலும் தேதி தவறாது, வலிதான் புகார். சாக்லேட் கட்டி உள்ளவர் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பி.சி.ஓ.எஸ். பத்தியத்தை ஆறு மாதம் இருந்துவிட்டு, “ஒண்ணும் கேக்கல” என்று வருவது அடிக்கடி நடக்கிறது. ஸ்கேன் தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுங்கள்.

வலிக்கு ஒரு நோட்டு

பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும், போனில் எழுதினாலும் சரி. ஒவ்வொரு நாளும் ஒரு வரி. தேதி, சுழற்சியின் எத்தனையாவது நாள் (ரத்தம் சரியாக வரத் தொடங்கிய நாள் 1), வலிக்கு 0 முதல் 10-க்குள் ஒரு எண், எந்த இடம், எந்த மாதிரி, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கேட்டது, எந்த வேலை கெட்டது. ஒரு நாள் இப்படி இருக்கலாம்:

“மார்ச் 9, நாள் 2. காலை 5.40-க்கு வலியில் முழிப்பு. எண் 8. அடிவயிறு இடது பக்கம், பின்னால் வால் எலும்புகிட்ட. முறுக்கு. மெஃபனமிக் 250, 6 மணிக்கு. 7-க்கு எண் 6. பத்து மணிக்கு மறுபடி 8. வெளிக்குப் போகும்போது ஊசி ஏறுற மாதிரி. பேடு 5. ஆபீஸ் லீவு.”

எண்ணுக்கு ஒரு அளவுகோல் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இந்த மாத 6-உம் அடுத்த மாத 6-உம் ஒன்றாக இருக்காது. 3 என்றால் வலி தெரிகிறது, வேலை ஓடுகிறது. 5 என்றால் மாத்திரை போட்டால்தான் ஓடும். 7 என்றால் போட்டும் படுக்கத்தான் முடிகிறது. 9 என்றால் வாந்தி, மயக்கம், பேச முடியவில்லை.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, வலித்த நாளை மட்டும் எழுதுவது. வலியில்லாத நாளில் 0 என்று எழுதினால்தான் வலி மாதவிடாயை ஒட்டி வருகிறதா, நடுச்சுழற்சியிலும் வருகிறதா, மாதம் முழுக்கப் பரவிவிட்டதா என்பது தெரியும். மூன்று சுழற்சி எழுதினால் போதும். அதற்குமேல் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம்.

இடமும் வகையும் ஏன் முக்கியம் என்றால், அவை துப்பு கொடுக்கும். அடிவயிற்றில் பிழிகிற முறுக்கு சாதாரண மாதவிடாயிலும் வரும். ஆனால் அந்த நாட்களில் மட்டும் மலம் கழிக்கும்போது குத்தினால், மலக்குடலுக்கு முன்னுள்ள பள்ளத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் நீர்க்கடுப்பு, ஆனால் யூரின் கல்ச்சரில் ஒவ்வொரு முறையும் கிருமி இல்லை என்றால் சிறுநீர்ப்பை. உறவின்போது ஆழத்தில் இடிக்கிற வலி இருந்தால் கர்ப்பப்பையின் பின்பக்கத் தசைநார்கள். சிசேரியன் தையலை ஒட்டி ஒரு உருண்டை மாதாமாதம் வீங்கி வடிந்தால் அது தையல் புண் மட்டும்தானா என்று கேட்க வேண்டும். மாதவிடாயோடு வலது தோள்பட்டை வலியும் மூச்சுப் பிடிப்பும் வந்து போனால், அபூர்வம்தான் என்றாலும், உதரவிதானம் வரைக்கும் யோசிக்க வேண்டும். இவை எதுவும் தீர்ப்பல்ல. டாக்டர் எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும் விரல்கள்.

டாக்டரிடம் நோட்டை நீட்டாதீர்கள். நாற்பது பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். அரைப் பக்கத்தில் சுருக்குங்கள். வலி தொடங்கிய வயது, மாதத்தில் எத்தனை நாள், கடந்த மூன்று மாதத்தில் கெட்ட பள்ளி அல்லது வேலை நாட்கள், மலம், சிறுநீர், உறவு ஆகியவற்றின்போது வலி உண்டா இல்லையா, இதுவரை போட்ட மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்காவது உண்டா. கடைசிக் கேள்விக்கு ஒரு சின்னக் குறிப்பு. மகளோடு வரும் அம்மா, “எனக்கும் இந்த வயசுல இப்படித்தான் சுருண்டு கிடப்பேன், பெறகு சரியாப் போச்சு” என்பார். ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் அது குடும்ப வரலாறு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொடுங்கள்.

“கல்யாணம் பண்ணி வச்சா சரியாப் போயிடும்”, “ஒரு புள்ள பொறந்தா கழுவிவிட்ட மாதிரி ஆயிடும்” என்பதை உறவினர் சொன்னாலும் சரி, வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னாலும் சரி, ஏற்க வேண்டியதில்லை. கர்ப்பத்தின்போதும் பால் கொடுக்கும்போதும் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி அடங்கும், பிறகு திரும்பும். இந்த நோயைத் தீர்க்கும் நோக்கத்துக்காக மட்டும் கருத்தரிக்கும்படி பெண்களுக்குச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது.

ஸ்கேன் தாளைப் படிப்பது

அதே வழிகாட்டுதல் இன்னொன்றையும் மாற்றியது. முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி போட்டு, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்த்தால்தான் நோய் உறுதி என்பார்கள். இப்போது அறிகுறியும் ஸ்கேனும் பொருந்தினால், அறுவை இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம்.

வயிற்றின் மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து யூரின் முட்ட வேண்டும். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள் ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். எண்டோமெட்ரியோசிஸைத் தேட உள் ஸ்கேன்தான் மேல். சினைப்பை அசைகிறதா, கர்ப்பப்பையும் மலக்குடலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றனவா என்று அதில்தான் தெரியும். நகராவிட்டால் பின்பள்ளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கல்யாணமாகாதவர்களுக்கு நம் ஊரில் இந்த ஸ்கேனைப் பேச்சிலேயே எடுப்பதில்லை. வேண்டாம் என்பது உங்கள் உரிமை. அப்படியானால் “எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, மலக்குடல் வழியாகப் பார்க்க முடியுமா” என்று நீங்களே கேளுங்கள். மேலோட்டமான வயிற்று ஸ்கேனோடு கதை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஸ்கேன் எழுதிக்கொடுக்கும் சீட்டில் வெறுமனே ‘வயிற்று வலி’ என்று இருந்தால், பார்ப்பவர் கல்லீரலில் தொடங்கி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து ‘நார்மல் ஸ்டடி’ என்று முடித்துவிடுவார். ‘எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், பின்பள்ளமும் மலக்குடலும் பார்க்கவும், இரு சிறுநீரகங்களும் பார்க்கவும்’ என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். சிறுநீரகம் எதற்கு என்று கேட்பார்கள். ஆழமாகப் பரவும் வகை, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை வலியே இல்லாமல் நெரிக்கக்கூடும். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கூடுதலாக இரண்டு நிமிடம்தான் ஆகும். அதைப் பார்க்காமல் விட்டு, வேலை செய்யாத சிறுநீரகத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள்.

தாளில் ‘கிரவுண்ட் கிளாஸ் எக்கோ’ என்றிருந்தால், கட்டிக்குள் பழைய ரத்தம் சீரான மங்கலாகத் தெரிகிறது, சாக்லேட் கட்டி என்று பொருள். ‘கிஸ்ஸிங் ஓவரீஸ்’ என்றால் இரண்டு சினைப்பையும் கர்ப்பப்பைக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ‘பி.ஓ.டி. ஆப்லிடரேட்டட்’ என்றால் மேலே சொன்ன பின்பள்ளம் மூடிவிட்டது. ‘ஹெமரேஜிக் சிஸ்ட்’ வேறு. கருமுட்டை வெடித்த இடத்தில் ரத்தம் தேங்குவது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கலாம். 6 முதல் 12 வாரம் கழித்து, மாதவிடாய் முடிந்த கையோடு மறுபடி பார்த்தால் ஹெமரேஜிக் சிஸ்ட் பெரும்பாலும் கரைந்திருக்கும், சாக்லேட் கட்டி அப்படியே இருக்கும். அவசரப்பட்டு அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் இந்த இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டி இல்லாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. வயிற்று உறையின்மேல் மெல்லியதாகப் படர்ந்த வகை எந்த ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். நான்கு நிலைகளாகப் பிரித்து எழுதுவார்களே, அந்த எண் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்லாது. முதல் நிலையில் சுருண்டு கிடப்பவரும் உண்டு, நான்காம் நிலையைக் குழந்தையின்மைச் சோதனையில் தற்செயலாக அறிபவரும் உண்டு.

சி.ஏ. 125 ரத்தச் சோதனையை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். மாதவிடாய் நாளில் எடுத்தாலே ஏறும். நம் நாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. வயிற்றுக் காசநோயிலும் அது ஏறும், உறுப்புகளும் ஒட்டிக்கொள்ளும். மாலையில் காய்ச்சல், எடை குறைவு, வயிற்றில் நீர் சேர்வது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மாத்திரை கேட்கவில்லை என்றால்

வலி மாத்திரை கேட்காததற்குப் பாதிக் காரணம் நேரம். மாதவிடாய் வலியைக் கிளப்புவது புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள். மெஃபனமிக் அமிலம், ஐபுபுரோஃபென், நாப்ராக்ஸென் போன்றவை அது புதிதாக உருவாவதைத் தடுக்கும், உருவாகிவிட்டதை அழிக்காது. வலி 8-ஐத் தொட்ட பிறகு போட்டால் மருந்து வெள்ளத்துக்குப் பிறகு கட்டுகிற அணைதான். முதல் கசிவு தெரிந்தவுடன், தேதி துல்லியமாகத் தெரிந்தவர்கள் அதற்கு முந்தைய நாளே தொடங்கி, முதல் இரண்டு மூன்று நாள் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். ‘வலிச்சா போட்டுக்கலாம்’ என்பது இங்கே உதவாது.

மறுபாதிக் காரணம் அளவு. மருந்துக்கடையில் ‘பீரியட்ஸ் மாத்திரை’ என்று கேட்டால் கொடுப்பதில் பெரும்பாலும் மெஃபனமிக் அமிலம் 250 மில்லிகிராம், டைசைக்ளோமின் 10 மில்லிகிராம் என்று இரண்டும் கலந்திருக்கும். பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதப்படும் மெஃபனமிக் அளவு 500, நாளுக்கு மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு. ஆக, அந்த ஒன்றில் இருப்பது பாதி. அதற்காக நீங்களாக இரண்டு போடாதீர்கள். டைசைக்ளோமினும் இரட்டிப்பாகி வாய் உலரும், தலை சுற்றும், மலம் கட்டும். தனி மெஃபனமிக் 500 எழுதச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வகை வலி மாத்திரையை (மெஃபனமிக்கோடு டைக்ளோஃபெனாக் என்பதுபோல) சேர்த்துப் போடுவது வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. பாராசிட்டமால் மட்டும் கூடச் சேரலாம், 6 மணி நேர இடைவெளியில். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வேண்டாம். மெஃபனமிக் அமிலத்தால் அபூர்வமாக வரும் கடுமையான ஒவ்வாமை பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. போட்ட சில வாரங்கள் கழித்துக்கூட வரலாம். உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், முகவீக்கம் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என்ன மாத்திரை என்று தெரியாமல் விழுங்குவது தமிழ்நாட்டில் கற்பனை அல்ல. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்கு, பெயர் தேதி எதுவும் இல்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்துவந்ததை, சுமார் 100 பெண்களிடம் பேசி 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்டது. அட்டையிலிருந்து கிழித்துக் கொடுத்த மாத்திரையை வாங்கினால், பெயர் தெரியும் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான அளவில், சரியான நேரத்தில் மூன்று சுழற்சி போட்டும் கேட்கவில்லை என்றால் அடுத்தது ஹார்மோன். இந்தியாவில் பரவலாக எழுதப்படுவது டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம், தினம் ஒன்று, ஒரே நேரத்தில், இடைவெளியே இல்லாமல். இதில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் எல்லா ஊரிலும் நடக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுப் பழகிய யாரோ, “21 நாள் போட்டுட்டு ஏழு நாள் விடணும்” என்று சொல்லிவிடுவார்கள். விட்டால் ரத்தப்போக்கு வரும், வலி வரும், மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவாகும். அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை.

முதல் 3 முதல் 6 மாதம் எப்போது வேண்டுமானாலும் சொட்டுச் சொட்டாகத் தீட்டுப் படும். கோயில், விசேஷம் என்று வீட்டில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை, பலர் இதனால்தான் நிறுத்துகிறார்கள். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே மாமியாருக்கும் சொல்லிவைப்பது மருந்தைத் தொடர உதவும். தலைவலி, மார்பு கனப்பது, மனம் சோர்வது வரலாம். சோர்வு அழுகையாகவும் சாகலாம் என்ற நினைப்பாகவும் மாறினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. இந்த மாத்திரையைக் கருத்தடையாக நம்பக் கூடாது, ஆணுறை வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மாத்திரைகளும் இதன் வேலையைக் கெடுக்கும்.

மற்றவை பற்றி வேகமாக: கலப்புக் கருத்தடை மாத்திரை சிலருக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் கண்ணில் மின்னல் வெட்டும் ஒற்றைத் தலைவலியும் ரத்த உறைவும் உள்ளவர்களுக்கு ஆகாது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் பல ஆண்டு தாங்கும். மாதம் ஒன்று போடும் லியூப்ரோலைடு 3.75 ஊசி, முதல் இரண்டு வாரம் வலியைக் கூட்டிவிட்டுத்தான் அடக்கும். எலும்பை அரிப்பதால், ஈடு ஹார்மோன் சேர்க்காமல் 6 மாதத்துக்குமேல் போவதில்லை. இவை எல்லாம் நோயை உறங்கவைக்கும். நிறுத்தினால் விழிக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன்

அறுவைக்கு ஒப்புதல் படிவம் இரவு பத்து மணிக்கு, ட்ரிப் ஏறிய கையில் வரும். அதில் ‘தேவைப்பட்டால் சினைப்பை அல்லது கர்ப்பப்பை நீக்கம்’ என்று ஒரு வரி அச்சாகியே இருக்கலாம். முந்தைய ஓ.பி.யிலேயே அதைக் கேட்டு வாங்கி வீட்டில் படியுங்கள். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடலாம்; எந்த நிலையில் மட்டும் எடுக்கலாம் என்று சர்ஜனோடு பேசி எழுதிக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியவை சில. நோய்த் திசுவை வெட்டி எடுக்கப்போகிறீர்களா, மேலே சுடப்போகிறீர்களா? குடலில் இருந்தால் குடல் சர்ஜன் அன்று இருப்பாரா, அல்லது பார்த்துவிட்டு மூடி, இன்னொரு நாள் திறப்பீர்களா? சினைப்பைக் கட்டியை உரித்தெடுத்தால் கருமுட்டை இருப்பும் கொஞ்சம் போகும். இரண்டு பக்கமும் கட்டி என்றால் இழப்பு கூடும். ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள் அறுவைக்கு முன்பே அந்த இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தச் சோதனை எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஐ.வி.எஃப்.க்கு முன் அதை வழக்கமாக அகற்றுவதால் பிரசவ வாய்ப்பு கூடுவதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக் கேளுங்கள். எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவை பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது டாக்டருக்கு அது ஆயிரம் ரூபாய் ஸ்கேனைவிடப் பயன்படும்.

கர்ப்பப்பையை எடுப்பது முடிவான தீர்வு என்பது பாதி உண்மைகூட இல்லை. நோய் இருப்பது அதற்கு வெளியே. வெளியே உள்ளதை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி அப்படியே நிற்கலாம்.

அறுவை முடிந்து இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கும். வயிற்றை உப்பவைத்த வாயு செய்யும் வேலை அது, மாரடைப்பு அல்ல. மெல்ல நடந்தால் குறையும். தண்ணீர்க் குடம், சிலிண்டர், பிள்ளையைத் தூக்குவது எல்லாம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு வேண்டாம். அடுத்த ஓரிரு மாதவிடாய் முன்பைவிடக் கடுமையாக இருக்கலாம், அதைப் பார்த்து அறுவை வீண் என்று உடைந்துபோக வேண்டாம். உடனே பிள்ளைக்கு முயலாதவர்கள் பிறகும் ஹார்மோனைத் தொடர்ந்தால் நோய் திரும்புவது குறையும்.

காப்பீடு பற்றி ஒன்றே ஒன்று. தனியார் பாலிசிகளில் எண்டோமெட்ரியோசிஸ் பெரும்பாலும் இரண்டாண்டுக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். குழந்தையின்மைச் சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் அடியோடு விலக்கு. வலிக்காக நடந்த அறுவைக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரியாக ‘குழந்தையின்மைக்காக’ என்று எழுதிவிட்டால் பணம் வராது. உண்மையான காரணம் வலி என்றால் அதை அப்படியே முதலில் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் உங்கள் நோட்டுதான் சான்று.

வீட்டில்

வெந்நீர்ப் பை உண்மையிலேயே உதவும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், கை பொறுக்கும் சூட்டில், மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றைப் பிதுக்கிவிட்டு மூடி, துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். அப்படியே தூங்கிவிடாதீர்கள். அடிவயிற்றிலோ இடுப்பிலோ பழுப்பாக வலைப்பின்னல் போல நிறம் மாறியிருந்தால் அது சூட்டால் வந்தது. பையை இடம் மாற்றுங்கள், சூட்டைக் குறையுங்கள். அந்தத் தழும்பை டாக்டரிடமும் காட்டுங்கள். எவ்வளவு வலித்திருந்தால் தோல் கருகும் அளவுக்கு வைத்திருப்பீர்கள் என்று வாயால் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

சுக்குக் கஷாயம், வெந்தயம், பெருங்காய மோர் இதமாக இருந்தால் குடியுங்கள், நோயை அவை கரைக்காது. மலச்சிக்கல்தான் பெரிய எதிரி. இறுகிய மலம் புண்பட்ட பள்ளத்தின்மேல் அழுத்தும். ஒரு டம்ளர் தண்ணீரில் இசப்கோல் ஒரு ஸ்பூன், வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி. வயிறு பானைபோல் உப்புகிறவர்கள் வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகளை நான்கு வாரம் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் நிரந்தரமாக விலக்கினால் உடம்புதான் வற்றும்.

வருடக்கணக்கில் வலித்த இடுப்புத் தளத் தசை இறுகிப்போயிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு யூடியூபில் பார்த்து கீகல் இறுக்கும் பயிற்சி செய்வது எரிகிற அடுப்பில் எண்ணெய். அவர்களுக்குத் தேவை தளர்த்தல். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு உப்ப மூச்சிழுத்து, ஆசனவாயைத் தளரவிட்டு மெல்ல விடுவது, ஐந்து நிமிடம், தினமும் இரண்டு முறை. இடுப்புத் தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் நல்லது.

பிள்ளை தங்கவில்லை என்று சோதனை தொடங்கும்போது, கணவரின் விந்தணுச் சோதனை முதல் வாரத்திலேயே முடிய வேண்டும். மனைவிக்கு ஒரு நோய்ப் பெயர் கிடைத்துவிட்டால் அவர் பக்கம் பார்ப்பதே நின்றுவிடுகிறது. இந்த நோய் உள்ள பலர் தானாகவே கருத்தரிக்கிறார்கள் என்பதும் இரு வீட்டாருக்கும் தெரியட்டும்.

இவற்றுக்கெல்லாம் காத்திராமல் உடனே ஓட வேண்டிய நேரங்கள் உண்டு. திடீரென்று ஒரு பக்கம் வெட்டி இழுத்து வாந்தி, கட்டி இருப்பவருக்குக் குளிர் காய்ச்சல், தேதி தள்ளிப்போய் வலியும் மயக்கமும், மூச்சுத் திணறல், மணிக்கொரு பேடு நனைவது.

வருகைப் பதிவேடு

மார்ச் மாதம் எண்டோமெட்ரியோசிஸ் விழிப்புணர்வு மாதம். பள்ளிக்குப் போய் மஞ்சள் ரிப்பன் குத்தி, ‘பத்தில் ஒருவருக்கு’ என்று பேசிவிட்டு வந்தால், வலியுள்ள எல்லாப் பெண்களும் பயப்படுவார்கள், யார் டாக்டரிடம் போக வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மூன்று கேள்விகள் போதும். வலியால் பள்ளியோ வேலையோ நிற்கிறதா? மலம், சிறுநீர் கழிக்கும்போதும் வலிக்கிறதா? மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் கேட்கவில்லையா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் டாக்டரைப் பார்க்கலாம். பேட் கொடுக்க வரும் கிராம சுகாதார செவிலியரிடமே இதைக் கேட்டுத் தொடங்கலாம். 104-இலும் ஆலோசனை கிடைக்கும். பையன்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசாதீர்கள். நாளைக்கு லீவு கொடுக்கப்போகிற மேனேஜர்கள் அவர்கள்தான்.

ஆசிரியர் கையில் இன்னும் நல்ல கருவி ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் ஒரு பெண்ணின் வரிசையை மட்டும் விரலால் ஓட்டிப் பாருங்கள். ஜூன் 18, 19. ஜூலை 16, 17. ஆகஸ்ட் 13, 14. விடுப்புக் கடிதத்தில் ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை உறவினர் விசேஷம் என்றிருக்கும். தேதிகளோ 28 நாள் இடைவெளி. வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சுழற்சி ஒழுங்காக இராது என்பதால் இடைவெளி கொஞ்சம் முன்பின்னாகலாம்; இரண்டு நாள் இரண்டு நாளாக விழும் ஓட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

வகுப்பில் வைத்துக் கேட்க வேண்டாம். தனியே ஒரு டீச்சர், “அந்த ரெண்டு நாள் உன்னால வரமுடியலையா, வர விடலையா?” என்று கேட்டால் போதும். இரண்டும் வேறு வேறு. வீட்டில் ஒதுக்கி வைப்பதால் வராதவளுக்கு டாக்டர் தேவையில்லை. வலியால் வராதவளின் அம்மாவிடம் பேசும்போது ‘நோய்’ என்ற சொல்லில் தொடங்கினால், “வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா” என்று கதவு சாத்தப்படும். “பரீட்சைக்கு லீவு போட வேண்டாமேன்னுதான், ஒரு தடவ காட்டிட்டு வாங்க” என்றால் போவார்கள். தேதிகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இதே கணக்கில் அடுத்தது செப்டம்பர் 10 வாக்கில் வரும். காலாண்டுத் தேர்வும் அந்த மாதம்தான். அதற்குள் அவள் மாத்திரையை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், சாப்பிட்டுவிட்டு வந்தாளா, வெந்நீர் எங்கே கிடைக்கும், தேர்வறையில் கதவோரமாக ஒரு இடம் கிடைக்குமா என்பதையெல்லாம் 9-ஆம் தேதியே பேசி வைத்துக்கொள்ளலாம்.